நடுநிலையான வாயுவைக் காந்தப்புலம் எவ்வாறு தாங்கி நிற்கும்?

கல்முனை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்கிறேன். ஏற்றமற்ற துணிக்கையின் மீது காந்தப்புலம் விசை எதனையும் பிரயோகிப்பதில்லை என்று வகுப்பில் படித்தோம். ஆனால் விண்மீன்கள் பிறக்கும் மூலக்கூற்று முகில்கள் பற்றி வாசிக்கையில், அவை தம் ஈர்ப்பினால் உடனே சுருங்கி விழாமல் இருப்பதற்குக் காந்தப்புலமும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறது. அந்த முகில்கள் பெரும்பாலும் ஐதரசன் மூலக்கூறுகளால் ஆனவை. மூலக்கூறுக்கு ஏற்றம் இல்லை. அதற்கு மேல், அங்குள்ள புலத்தின் வலிமை பத்து மைக்ரோகவுஸ் அளவுதான் என்கிறார்கள். நம் கையிலுள்ள திசைகாட்டியின் ஊசியைத் திருப்பும் புவியின் புலம், இலங்கையில் ஏறக்குறைய 0.4 கவுஸ். அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கான புலம், பல்லாயிரம் சூரியத் திணிவுள்ள முகிலை எப்படித் தாங்கும்? சேர்மார், அண்ணன்மார், அக்காமார் யாராவது விளக்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடி பௌதிகம்

தம்பி, கேள்வி இரண்டு. முதலில் ஏற்றம் பற்றியதை எடுத்துக்கொள்வோம்.

முகிலின் ஆழத்துக்கு விண்மீன்களின் புறஊதா ஒளி புகாது என்றாலும் அண்டக்கதிர்கள் புகுந்துவிடும். அவை மூலக்கூறுகளை மோதி இலத்திரன்களை விடுவிப்பதால், அடர்ந்த பகுதிகளில்கூடக் கோடி துணிக்கைகளுக்கு ஒன்று என்ற அளவிலாவது அயன்கள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அந்த அயன்களும் இலத்திரன்களும் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழல்வதால் அவற்றைவிட்டு விலக முடியாது. நடுநிலை மூலக்கூறு ஒன்று ஈர்ப்பினால் உள்நோக்கி நகர முயன்றால், அது வழியில் அயன்களோடு மோதுகிறது. மோதல் தன் உந்தத்தைப் புலத்தில் கட்டுண்ட அயனுக்குக் கொடுக்கிறது. புலத்தின் எதிர்விசை அதே மோதலின் வழியே மூலக்கூறைச் சேர்கிறது. ஆகவே புலம் நடுநிலை வாயுவைத் தொடுவதில்லை என்பது உண்மை. அயன்களின் வழியாக அதனைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் உண்மை. கடத்தும் பாய்மமும் காந்தப்புலமும் ஒன்றாகவே நகரும் என்ற இந்த உறைநிலைக் கருத்து, சுவீடனைச் சேர்ந்த ஹனஸ் அல்ஃவேன் 1942 இல் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. அவருக்கு 1970 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒலுவில் காக்கா

இரண்டாவது கேள்விக்கு நான் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். புலத்தைத் திசைகாட்டியோடு ஒப்பிட்டால் பொருள் விளங்காது; அந்த வாயுவின் அமுக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். கவுஸ் அலகில் புலத்தை வர்க்கித்து 8π ஆல் வகுத்தால் காந்த அமுக்கம் கிடைக்கும். பத்து மைக்ரோகவுஸுக்கு அது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 4×10⁻¹² டைன். கன சென்ரிமீற்றருக்கு 300 மூலக்கூறுகளும் 10 கெல்வின் வெப்பநிலையும் உள்ள முகிலின் வெப்ப அமுக்கமோ 4×10⁻¹³ டைன். அதாவது காந்த அமுக்கம் வெப்ப அமுக்கத்தைவிடப் பத்து மடங்கு பெரியது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்ரிமீற்றரில் 2.5×10¹⁹ மூலக்கூறுகள் இருக்கின்றன. அதற்குப் பழகிய நமக்கு முன்னூறு மூலக்கூறு என்பது வெற்றிடத்திலும் வெற்றிடம். அந்த வெறுமையில் இந்தச் சிறு புலமே பெரிய தலைவனாகிவிடுகிறது.

வந்தாறுமூலை

காக்காவின் கணக்குச் சரியானது. ஆயினும், அமுக்கம் பெரிது என்பதிலிருந்து முகில் தாங்கப்படுகிறது என்ற முடிவுக்கு நேராகப் போய்விட முடியாது. இங்கே பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது.

முகில் சுருங்கும்போது அதன் ஈர்ப்புச் சக்தி, திணிவின் வர்க்கத்தை ஆரையால் வகுத்த அளவுக்கு ஏற்ப வளர்கிறது. புலம் வாயுவோடு உறைந்திருந்தால், முகிலின் குறுக்கே செல்லும் காந்தப் பாயம், அதாவது அதன் குறுக்குப் பரப்பினூடு செல்லும் புலக்கோடுகளின் மொத்த அளவு, மாறாது. அப்போது காந்தச் சக்தியும் பாயத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்த அளவுக்கு ஏற்பவே வளரும். இரண்டும் ஆரையைப் பொறுத்து ஒரே விதமாக மாறுவதால், அவற்றின் விகிதம் முகில் எவ்வளவு சுருங்கினாலும் அப்படியே நிற்கும். சுழற்சி அப்படிப்பட்டதன்று, சுருங்கச் சுருங்க அதன் எதிர்ப்பு ஈர்ப்பைவிட வேகமாக வளர்ந்து, ஏதோ ஓர் ஆரையில் சுருக்கத்தை நிறுத்திவிடும். காந்தப்புலமோ தொடக்கத்தில் தாங்க முடியாவிட்டால் முடிவுவரை தாங்காது; தொடக்கத்தில் தாங்கினால், பாயம் எப்படியாவது வெளியேறும் வரை தாங்கிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் தீர்மானிப்பது திணிவுக்கும் பாயத்துக்கும் உள்ள விகிதமே. அதற்கு ஒரு மாறுநிலைப் பெறுமானம் உண்டு. விகிதம் அதற்கு மேலிருந்தால் ஈர்ப்பு வெல்லும், கீழிருந்தால் புலம் வெல்லும்.

ஆதலால் "காந்தப்புலம் வலிமையானதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது என் கருத்து. முகில் எந்த அடர்த்திக் கட்டத்தில் இருக்கும்போது அந்த விகிதம் மாறுநிலையைத் தாண்டுகிறது என்று கேட்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடி பௌதிகம்

தங்கச்சி சொன்ன விகிதத்தை வைத்துத்தான் நான் படித்த காலத்து முழுக் கோட்பாடும் எழுந்தது. பாயம் வெளியேறும் வழியை 1956 இல் லியோன் மெஸ்ரலும் லைமன் ஸ்பிற்சரும் காட்டினார்கள். அயன்கள் புலத்தோடு நின்றுவிட, நடுநிலை மூலக்கூறுகள் அவற்றினிடையே மெல்ல நழுவி உள்ளே இறங்கும். திணிவு நடுவில் சேரும், பாயம் வெளியே தங்கிவிடும். இந்த நழுவலுக்கு எடுக்கும் காலம், தடையின்றி விழும் காலத்தைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு.

இதன் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதைத் தம்பிக்காகச் சொல்கிறேன். பால்வீதியில் மூலக்கூற்று வாயு ஏறக்குறைய நூறு கோடி சூரியத் திணிவு இருக்கிறது. அது தடையின்றி விழுந்தால் சில மில்லியன் ஆண்டுகளில் விண்மீன்களாக மாறிவிட வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியத் திணிவு என்ற வேகம் அது. உண்மையில் பால்வீதியில் பிறப்பது ஆண்டுக்கு ஒன்று இரண்டு சூரியத் திணிவே. சக்கர்மனும் எவான்ஸும் 1974 இல் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். மெதுவான நழுவல் என்னும் ஒரே பொறிமுறை, விண்மீன் பிறப்பு ஏன் இத்தனை மந்தமாக நடக்கிறது என்பதையும் ஏன் முகிலின் கருக்கள் எனப்படும் அடர்ந்த சிறு பகுதிகளில் மட்டும் நடக்கிறது என்பதையும் சேர்த்து விளக்கியது. 1987 இல் ஷு, அடம்ஸ், லிசானோ ஆகியோர் எழுதிய மீளாய்வுக் கட்டுரை இதனை ஒரு முழுச் சித்திரமாகத் தந்தபோது, இத்துறை முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணினார்கள்.

வந்தாறுமூலை

முடியவில்லை, ஐயா. அந்தச் சித்திரம் அழகானது. ஆனால் அளவீடுகள் அதற்குச் சாதகமாக வரவில்லை.

அந்தக் கோட்பாட்டின்படி முகில்கள் மாறுநிலைக்குக் கீழே பிறந்து, மெல்ல மெல்ல மேலேற வேண்டும். ரிச்சர்ட் குரட்சரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2010 இல் அதுவரை கிடைத்த சீமன் அளவீடுகளை (நிறமாலைக் கோட்டின் பிளவிலிருந்து புலத்தை அளப்பவை) சேர்த்து ஆராய்ந்தபோது, கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 300 துணிக்கைகள் வரை புலத்தின் உச்ச வலிமை 10 மைக்ரோகவுஸ் அளவில் மாறாமல் நிற்பதையும், அதற்கு மேல் அடர்த்தியின் 0.65 ஆம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதையும் கண்டார்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கும் கோளத்தில் உறைந்த புலம் 2/3 என்ற அடுக்கில் உயரும். 0.65 அதற்கு மிக அருகில் இருக்கிறது. புலம் உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தால் வாயு கோடுகளின் வழியே மட்டும் சரிந்து, அடுக்கு இதனிலும் குறைவாக வந்திருக்க வேண்டும். அடர்ந்த முகில்களில் திணிவுக்கும் பாயத்துக்கும் உள்ள விகிதம் மாறுநிலையைப் போல் இரண்டு மூன்று மடங்காகவே காணப்படுகிறது. மாறுநிலைக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் அணு ஐதரசனால் ஆன ஐதான முகில்களே.

இதற்கு ஒரு வருடம் முன்னர், 2009 இல், இதே குழுவினர் நான்கு முகில்களில் கருவின் விகிதத்தையும் அதைச் சூழ்ந்த உறையின் விகிதத்தையும் ஒப்பிட்டார்கள். நழுவல் கோட்பாடு சரியானால் கருவின் விகிதம் உறையினதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; கிடைத்த பெறுமானங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன.

களுவாஞ்சிக்குடி பௌதிகம்

அந்த நான்கு முகில் ஆய்வைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள நான் உடன்பட மாட்டேன். மௌஸ்கோவியசும் ரசிசும் அதன் புள்ளிவிபர முறையையே மறுத்து எழுதினார்கள்: உறையில் புலம் இடத்துக்கிடம் திசைமாறினால், நான்கு இடங்களில் எடுத்த அளவீடுகளின் சராசரி உண்மையான வலிமையைக் குறைத்தே காட்டும், வழுவும் பெரிதாகும் என்பது அவர்களின் வாதம். அதற்கு முழுமையான விடை கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கல்முனை மாணவன்

சேர், அக்கா, மன்னிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள புலத்தை இங்கிருந்து எப்படி அளக்கிறார்கள் என்பது விளங்காமல் யார் சொல்வது சரி என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பாசிக்குடா இரவு

இதற்கு நான் விடை எழுதலாம். சற்று நீளும், இந்த விவாதத்தின் உயிர் அளவீட்டில்தான் இருக்கிறது என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி சீமன் விளைவு. காந்தப்புலத்தில் ஒரு நிறமாலைக் கோடு பிளவுபடும். ஐதரசனின் 21 சென்ரிமீற்றர் கோட்டில் அந்தப் பிளவு, ஒரு மைக்ரோகவுஸுக்கு 2.8 ஹேர்ட்ஸ். பத்து மைக்ரோகவுஸுக்கு 28 ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கோடு, வாயுவின் அசைவினால் செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் அகன்றிருந்தாலே அதன் அகலம் ஏறக்குறைய 4,700 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். பிளவு அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நேரே பார்த்துக் காண முடியாது. ஆகவே வலஞ்சுழி வட்ட முனைவாக்கத்திலும் இடஞ்சுழி வட்ட முனைவாக்கத்திலும் தனித்தனியே கோட்டைப் பதிவுசெய்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, எஞ்சும் நுண்ணிய வித்தியாசத்திலிருந்து புலத்தைப் பெறுகிறார்கள். விண்மீனிடை வாயுவில் முதன்முதலாக இதைச் செய்து காட்டியவர் வெர்ஷூர், ஆண்டு 1968. இந்த வழி தருவது நம் பார்வைக் கோட்டின் வழியே உள்ள கூறு மட்டுமே. பக்கவாட்டில் புலம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது தெரியாது. அக்கா குறிப்பிட்ட 2010 ஆய்வு புள்ளிவிபர முறையை நாடியதற்கு இதுவே காரணம்: ஒரு முகிலில் அளந்த சிறிய எண், புலம் சிறிது என்பதனாலும் வரலாம், புலம் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதனாலும் வரலாம்.

இரண்டாவது வழி தூசு. 1949 இல் ஹில்ற்னரும் ஹோலும் தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி சில சதவீதம் முனைவாக்கப்பட்டிருப்பதை, அதாவது ஒரு திசையில் கூடுதலாக அதிர்வதை, கண்டுபிடித்தார்கள். நீண்ட தூசுத் துணிக்கைகள் சுழன்றபடி தம் குறுகிய அச்சைப் புலத்துக்குச் சமாந்தரமாக வைத்துக்கொள்வதால், அவற்றைக் கடந்துவரும் ஒளியின் முனைவாக்கம் புலத்தின் திசையைக் காட்டுகிறது. அதே தூசு தானே வீசும் துணைமில்லிமீற்றர் கதிர்வீச்சில் முனைவாக்கம் புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும். எனவே தொண்ணூறு பாகை திருப்பி வாசிக்க வேண்டும். வானத்தின் தளத்தில் புலம் எத்திசையில் ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. வலிமையை மட்டும் அது நேரடியாகச் சொல்லாது.

வலிமையைப் பெறும் உபாயத்தை 1953 இல் தந்தவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். மற்றவர் என்றிக்கோ ஃபெர்மி. கரைவலை இழுக்கும் கயிறு இறுகி நின்றால் அலை மோதினாலும் அதிகம் வளையாது, தளர்ந்து கிடந்தால் அலைக்கு அலை நெளியும். முகிலிலும் கொந்தளிப்பின் வேகத்தை நிறமாலைக் கோட்டின் அகலத்திலிருந்து பெற்று, திசைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை முனைவாக்கத்திலிருந்து பெற்றால், கோடுகளின் இறுக்கத்தைக் கணிக்கலாம். புலம், அடர்த்தியின் வர்க்கமூலத்தை வேகச் சிதறலால் பெருக்கிக் கோணச் சிதறலால் வகுத்ததற்கு நேர்விகிதசமன். அவர்கள் சுருளிப் புயங்களுக்குப் பெற்ற விடை ஏறக்குறைய 7 மைக்ரோகவுஸ். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வளவு குறைந்த தரவை வைத்துக்கொண்டு பெற்ற அந்த எண் இன்றும் ஏற்கத்தக்கதாக இருப்பது எனக்கு வியப்பே.

ஆனால் இந்த உபாயத்தைக் கண்மூடிப் பயன்படுத்தக்கூடாது. பார்வைக் கோட்டில் பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால் கோணச் சிதறல் சராசரியாகிக் குறைந்துவிடும். புலம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டபின், 2001 இலிருந்து, விடையை ஏறக்குறையப் பாதியாக்கும் ஒரு திருத்தக் காரணியைச் சேர்க்கிறார்கள். அதுவும் கோணச் சிதறல் இருபத்தைந்து பாகைக்குள் இருந்தால்தான் பொருந்தும்.

ஒலுவில் காக்கா

நன்றி. கண்ணுக்குத் தெரியும் வானத்தில் இப்படி அளந்த ஓர் இடத்தைச் சொன்னால் மாணவர்களுக்குக் காட்ட உதவும்.

பாசிக்குடா இரவு

காக்கா, மாரி மழை ஓய்ந்து மாசி, பங்குனியில் வானம் தெளிந்ததும் திருவாதிரையும் மிருகசீரிடமும் சேர்ந்த ஓரியன் கூட்டம் மாலையில் நம் தலைக்கு மேலேயே நிற்கும். ஓரியன் என்னும் வேடனின் வாளில் மங்கலாகத் தெரியும் நெபுலாவுக்குப் பின்புறம், ஏறக்குறைய 1,350 ஒளியாண்டுத் தொலைவில், ஓஎம்சி-1 என்னும் அடர்ந்த முகில் இருக்கிறது. ஹவாயிலுள்ள 15 மீற்றர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் தொலைநோக்கியால் தூசு முனைவாக்கத்தை அளந்து, சந்திரசேகர்-ஃபெர்மி முறையில் 2017 இல் வெளியிட்ட பெறுமானம் 6.6 மில்லிகவுஸ், அதன் நிச்சயமின்மை 4.7 மில்லிகவுஸ். எண்ணைவிட அதன் நிச்சயமின்மையை மாணவர்களுக்கு முதலில் காட்டுங்கள்.

வந்தாறுமூலை

சீமன் அளவீட்டில் அண்மையில் வந்த ஒன்றையும் சேர்க்கிறேன். சீனாவின் 500 மீற்றர் ஃபாஸ்ட் தொலைநோக்கி, ரிஷப மண்டலத்திலுள்ள எல்1544 கருவின் வெளி உறையில், குளிர்ந்த ஐதரசன் தரும் ஒடுங்கிய உறிஞ்சல் கோட்டில் 3.8 மைக்ரோகவுஸ் புலத்தை 0.3 வழுவுடன் அளந்தது. 2022 இல் வெளிவந்தது. சூழவுள்ள ஐதான அணுவாயுவில் காணப்படும் அளவும் ஏறக்குறைய இதுவே. ஐதான வாயுவிலிருந்து மூலக்கூற்று உறைவரை அடர்த்தி உயர்ந்தும் புலம் உயரவில்லை; உறையே ஏற்கெனவே மாறுநிலையைத் தாண்டிவிட்டது. நழுவல் கோட்பாடு எதிர்பார்ப்பதைவிட மிக முன்னதாக, கரு உருவாகும் முன்பே, இது நடந்திருக்கிறது. ஐயா கேட்ட விடை முழுதாக இல்லாவிட்டாலும், ஒரு முகிலிலாவது ஒரு பகுதி இங்கே கிடைத்திருக்கிறது.

களுவாஞ்சிக்குடி பௌதிகம்

அது கவனிக்கத்தக்க அளவீடு, ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அங்கிருந்து, புலத்துக்கு வேலையே இல்லை, கொந்தளிப்புத்தான் எல்லாம் என்று சிலர் எழுதுவது வேறு பக்கத்தில் மிகைப்படுத்துவது. பிளாங்க் செய்மதி 353 கிகாஹேர்ட்ஸில் எடுத்த தூசு முனைவாக்கப் படங்களைப் பாருங்கள். அண்மையிலுள்ள பத்து முகில்களில், ஐதான பகுதிகளின் இழைகள் புலத்துக்குச் சமாந்தரமாகவும், அடர்ந்த பகுதிகளின் இழைகள் புலத்துக்குச் செங்குத்தாகவும் அமைகின்றன. சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 5×10²¹ ஐதரசன் அணுக்கள் என்ற அளவில் திசை மாறுகிறது. வாயு கோடுகளின் வழியே சரிந்து குறுக்கே சுவர்போல் திரண்டால்தான் இத்தகைய ஒழுங்கு வரும். வலுக்குறைந்த புலமுள்ள கணினி மாதிரிகளில் இது தோன்றுவதில்லை.

வந்தாறுமூலை

அதில் நமக்குள் வேறுபாடே இல்லை, ஐயா. புலம் முகிலுக்கு வடிவம் கொடுக்கிறது, வாயு எவ்வழியே சேர வேண்டும் என்று வழிகாட்டுகிறது. சுருக்கத்தை முற்றாக நிறுத்தி வைத்திருக்கும் பூட்டு அது என்பதைத்தான் நான் மறுக்கிறேன். கணினி மாதிரிகளில் புலத்தைச் சேர்த்தால் விண்மீன் பிறப்பு வீதம் இரண்டு மூன்று மடங்கு குறைகிறது. நீங்கள் சொன்ன நூறு மடங்கு முரண்பாட்டில் எஞ்சியதைக் கொந்தளிப்பும், பிறந்த விண்மீன்களின் காற்றும் புறஊதா ஒளியும் முகிலைக் கலைப்பதும் சேர்ந்தே சுமக்க வேண்டும்.

கல்முனை மாணவன்

இன்னொரு ஐயம். பாயம் மாறாது என்றால், விண்மீன் உருவாகி முடியும்போது புலம் எவ்வளவு ஆகும் என்று கணித்தேன். 0.1 பார்செக் (ஏறக்குறைய மூன்றில் ஒரு ஒளியாண்டு) ஆரையுள்ள கருவில் 10 மைக்ரோகவுஸ் இருந்து, அது சூரியனின் ஆரைக்குச் சுருங்கினால், ஆரை 44 இலட்சம் மடங்கு குறைகிறது. அதன் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இருபது கோடி கவுஸ் வருகிறது. இளம் விண்மீன்களில் இவ்வளவு உண்டா?

வந்தாறுமூலை

இல்லை. ரீ ரோறி வகை இளம் விண்மீன்களின் மேற்பரப்பில் அளந்தது ஓரிரு ஆயிரம் கவுஸ் அளவே. உங்கள் கணக்குச் சரி. அதில் வரும் முரண்பாட்டைக் காந்தப் பாயப் பிரச்சினை என்று அரை நூற்றாண்டாக அழைத்துவருகிறார்கள். ஐயா விரும்பும் நழுவல் உண்மையில் தவிர்க்க முடியாததாக ஆவது இங்கேதான்: முகிலின் உறையிலன்று, கருவின் ஆழத்தில், அடர்த்தி மிக உயர்ந்து அயன்கள் மேலும் அருகும் இடத்தில். இன்னும் உள்ளே போனால் மின்தடையாலும் பாயம் கரைகிறது. பெர்சியஸ் முகிலிலுள்ள என்ஜிசி 1333 ஐஆர்ஏஎஸ் 4ஏ என்னும் இளங்கருவில், புலக்கோடுகள் நடுவில் நெருங்கி இருபுறமும் விரிந்திருப்பதை 2006 இல் ஹிரார்ட், ராவ், மரோன் ஆகியோர் படமெடுத்தார்கள். ஈர்ப்பு கோடுகளை உள்ளிழுத்த தடயம் அது. உறைநிலை அந்த அளவு தூரம் வரை செல்லுபடியாகிறது.

களுவாஞ்சிக்குடி பௌதிகம்

அப்படியானால் இளம் விண்மீனைச் சுற்றிச் சுழலும் தட்டைப் பற்றியும் பேச வேண்டும். புலம் முழுதாக உறைந்தே இருந்தால், அது சுழலும் வாயுவின் கோண உந்தத்தை வெளியே கடத்தி, சுழற்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும். கோள்கள் உருவாகும் தட்டே தோன்றாது என்று 2003 இலிருந்து மாதிரிகள் காட்டின. ஆனால் 2014 இல் அல்மா தொலைநோக்கி எச்எல் ரோறி என்னும் இளம் விண்மீனைச் சுற்றி வளைய வளையமாக எடுத்த தட்டின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வந்தாறுமூலை

அந்தத் தடையைத் தளர்த்த இப்போது இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. சுழற்சி அச்சும் புலத்தின் திசையும் ஒன்றாமல் சாய்ந்திருந்தால் கோண உந்தம் இழப்பது குறையும் என்று ஹென்னபெல்லும் சியார்டியும் 2009 இல் காட்டினார்கள். மற்றது நழுவல், மின்தடை, ஹோல் விளைவு (இலத்திரன்கள் புலத்தோடு நிற்க, அயன்கள் அதைவிட்டு விலகுவது) ஆகிய மூன்றும் சேர்ந்து புலத்தை வாயுவிலிருந்து கழற்றுவது. ஹோல் விளைவில் ஒரு விசித்திரம்: புலம் சுழற்சி அச்சோடு ஒரே திசையில் இருந்தால் தட்டுச் சிறிதாகும், எதிர்த்திசையில் இருந்தால் பெரிதாகும். ஆகவே ஒரே மாதிரியான இரு கருக்கள், புலத்தின் குறி மாறியதனால் மட்டும், இரு வேறு அளவுத் தட்டுகளைப் பெறலாம். தூசு முனைவாக்கம் புலத்தின் கோட்டைக் காட்டுமே தவிர அம்புக்குறி எந்தப் பக்கம் என்று காட்டாது. சீமன் விளைவு காட்டும், ஆனால் தட்டுகளின் அளவில் அந்தச் சமிக்ஞையைப் பிடிப்பது மிகக் கடினம். தம்பி பல்கலைக்கழகம் வரும்போதும் இந்தக் கேள்வி திறந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.